உயரம் நின்ற பிறகும் வளரும் எலும்புக் கட்டி

கேள்வி: எனக்கு 36 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு ஊர். சின்ன வயதிலிருந்தே முழங்கால், மணிக்கட்டு, தோள்பட்டை என்று பல இடங்களில் எலும்பு மாதிரியே கெட்டியான கட்டிகள் இருக்கின்றன. அப்பாவுக்கும் இருந்தன. 14 வயதில் முழங்காலில் இருந்த ஒன்றை எடுத்தார்கள். "சாதாரணக் கட்டிதான், பயமில்லை" என்றார்கள். அதன் பிறகு அதைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது எட்டு மாதமாக வலது இடுப்பெலும்பின் மேல் இருந்த கட்டி பெரிதாகிறது. பாவாடை நாடாவை அந்த இடத்தில் கட்ட முடியாமல் மேலே ஏற்றிக் கட்டுகிறேன். வலி பெரிதாக இல்லை. பக்கத்தில் உள்ள டாக்டர், கொழுப்புக் கட்டி மாதிரி இருக்கிறது, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்கிறார். மாமியார், கட்டுப் போடும் வைத்தியரிடம் எண்ணெய் விட்டு நீவினால் கரைந்துவிடும் என்கிறார். நெட்டில் தேடினால் புற்றுநோயாக மாறும் என்று போட்டிருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஸ்கூட்டியில் இருந்து விழுந்தபோது இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், எதுவும் முறியவில்லை என்று மட்டும் சொன்னார்கள். என் எட்டு வயது மகனுக்கும் முழங்காலிலும் கையிலும் கட்டிகள் வந்திருக்கின்றன. அவனுக்கும் மாறுமா? இப்போதே எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா? என்னால்தான் அவனுக்கு வந்தது என்று வீட்டில் பேச்சு. தூங்கி நாளாகிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இடுப்புக் கட்டியை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்து, எலும்புக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய ஒரு டாக்டர் அதைப் பார்க்கும் வரை அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த ஸ்கேனை அடுத்த மாதம், தீபாவளி கழித்து என்று தள்ளிப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை மட்டும் படித்துவிட்டு அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாவாடை நாடாவை ஏற்றிக் கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். வலியைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட எனக்கு அதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் உடம்பில் இருப்பவற்றுக்கு ஆஸ்டியோகாண்ட்ரோமா என்று பெயர். எலும்பில் வரும் தீங்கற்ற கட்டிகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றே ஒன்று இருக்கும், இருப்பதே தெரியாமல்கூட இருந்துவிடுவார்கள். உங்களுக்கும் அப்பாவுக்கும் மகனுக்கும் இருப்பது பரம்பரையாக வரும் வகை, அதாவது உடம்பு முழுக்கப் பல கட்டிகள். ஏறக்குறைய 50,000 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். குழந்தையின் எலும்பு அதன் முனைக்கு அருகில் உள்ள ஒரு குருத்தெலும்புத் தட்டில்தான் நீளுகிறது. குருத்தெலும்பு என்ற பெயரிலேயே குருத்து இருக்கிறது பாருங்கள். வாழைக்குருத்து மேலே மேலே எழுந்து இலையாக விரிவது போல, இந்தக் குருத்தெலும்பு வளர்ந்து வளர்ந்து எலும்பாக மாறும். அதில் ஒரு துணுக்கு திசை தப்பிப் பக்கவாட்டில் வளர ஆரம்பித்தால் அதுதான் இந்தக் கட்டி. உள்ளே நல்ல எலும்பு, அதன் மஜ்ஜைகூட உங்கள் எலும்பின் மஜ்ஜையோடு தொடர்ந்தே இருக்கும். மேலே மட்டும் குல்லாய் வைத்தது போல ஒரு குருத்தெலும்புத் தொப்பி. கட்டி வளர்வது அந்தத் தொப்பியால்தான்.

பருவ வயது கடந்து உயரம் நின்றுவிடும்போது எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்புத் தட்டு மூடிக்கொள்ளும். அதோடு இந்தத் தொப்பியும் மெலிந்து, வேலையை நிறுத்திவிடும். பெரியவர்களுக்கு அது சில மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும், சிலருக்கு இருக்கும் இடமே தெரியாது. அதனால் 18, 20 வயதில் கட்டி எந்த அளவோ, 60 வயதிலும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். 36 வயதில் ஒரு கட்டி மறுபடி வளர்கிறது என்றால், ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும். வலி இருந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நோயில் அது சரியல்ல. மெதுவாக மாறும் கட்டி பல மாதம் வலியே இல்லாமல் பெரிதாகும். ராத்திரியில் படுத்தால் வலிக்கிறது, சும்மா இருக்கும்போதே வலிக்கிறது என்றால் அதையும் கவனிக்க வேண்டும். ஆனால் வலி வரட்டும் பார்ப்போம் என்று காத்திருப்பது தவறு.

நெட்டில் படித்ததில் பொய் இல்லை, அளவு மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஒற்றைக் கட்டி உள்ளவர்களில் அது புற்றாக மாறுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்பார்கள். உங்களைப் போலப் பல கட்டிகள் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இது ஒவ்வொரு கட்டிக்குமான கணக்கு இல்லை. ஒரு ஆளுக்கு, அவருடைய எல்லாக் கட்டிகளையும் சேர்த்து, வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு. நூறில் தொண்ணூற்றைந்து பேராவது இந்தக் கட்டிகளோடு வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால்தான் போய்ச் சேருகிறார்கள்.

சரி, அப்படியானால் உங்களை ஏன் அவசரப்படுத்துகிறேன்? மாறும் கட்டிகள் எல்லா இடத்திலும் சமமாக மாறுவதில்லை. விரல், மணிக்கட்டு, முன்கை என்று உடம்பின் நுனிப் பக்கம் இருப்பவை மாறுவது மிக அரிது. இடுப்பெலும்பு, தோள்பட்டை எலும்பு, தொடை எலும்பின் மேல் முனை, விலா என்று நடு உடம்புக்கு அருகில் இருப்பவைதான் அதிகம் மாறுகின்றன. வயதும் பெரும்பாலும் 20-க்கு மேல், 50-க்குள். உங்கள் வயது, கட்டி இருக்கும் இடம், அது வளர்வது, மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வளர்ச்சிக்கு வேறு சாதாரணக் காரணமும் இருக்கலாம். தினமும் நாடா அழுத்தி உரசும் இடத்தில், கட்டிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு நீர்ப்பை உண்டாகலாம். உடம்பு தன்னைப் பாதுகாத்துக்கொள்ளச் செய்யும் மெத்தை அது. அதில் நீர் கோத்தால் கட்டியே பெரிதானது போலத் தெரியும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். கைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தட்டுப்படும். எம்.ஆர்.ஐ-யில் பிரித்துச் சொல்லிவிடலாம்.

எம்.ஆர்.ஐ-யில் பார்க்க வேண்டியது முக்கியமாக அந்தத் தொப்பியின் தடிமன். உயரம் நின்ற ஒருவருக்கு அது 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் புற்றாக மாறியிருக்குமோ என்று பலமாகச் சந்தேகப்படுவோம். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. நடுவில் இருந்தால் சில மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டியிருக்கும். அதனால் ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம், குருத்தெலும்புத் தொப்பியின் தடிமனை அளந்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பெலும்பு முழுவதும் ஸ்கேனில் வர வேண்டும் என்றும் சொல்லுங்கள். அந்த எலும்பின் உள்பக்கம், வயிற்றுப் பக்கமாக வளரும் கட்டிகள் வெளியே தெரியவே தெரியாது. எக்ஸ்ரே மட்டும் போதாதா என்றால், இடுப்பில் குடல் நிழலும் எலும்பு நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் போதாது. குருத்தெலும்பும் எக்ஸ்ரேயில் தெரியாது, அதில் படிந்த சுண்ணாம்புப் புள்ளிகள்தான் தெரியும்.

உங்கள் பக்கத்து டாக்டர் மேல் எனக்குக் குறை இல்லை. சின்ன வயதிலிருந்து கட்டிகள் இருப்பதை அவரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் அவர் நினைத்தது இயல்புதான். ஆனால் கொழுப்புக் கட்டி விரலால் தள்ளினால் வழுக்கி நகரும். எலும்போடு ஒட்டிய கட்டி அசையாது. உங்களுடையது பல வருடமாக அங்கேயே கெட்டியாக இருந்தது என்கிறீர்கள். அதைக் கொழுப்பு என்று நினைத்துத் திறப்பதில் இருக்கும் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

சில வருடம் முன்பு ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். இதே மாதிரி இடுப்பில் கட்டி. வேறொரு இடத்தில், ஸ்கேன் இல்லாமல், சாதாரணக் கட்டி என்று துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. ஒன்றரை வருடத்தில் பழைய தழும்புக்கு அடியிலேயே நான்கைந்து இடத்தில் முளைத்துவிட்டது. தொப்பி உடைந்து அதன் உயிரணுக்கள் சுற்றியுள்ள தசையில் சிந்திவிட்டால் அவை அங்கேயே வளரும். முதலிலேயே அதைத் தொப்பியோடு, சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையும் சேர்த்து, உடையாமல் முழுதாக எடுத்திருந்தால் ஒரு அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கும். நாங்கள் மறுபடி திறந்தபோது தசையும் எலும்பும் சேர்த்து எவ்வளவோ எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்று நடக்கிறார், ஆனால் சாய்ந்துதான் நடக்கிறார். அவர் நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முதல் நாள் யாராவது அவரைத் தடுத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும். உங்களைத் தடுக்க எனக்கு இந்தக் கடிதம் கிடைத்திருக்கிறது.

எண்ணெய் விஷயம். மாமியார் அக்கறையோடு சொல்கிறார். சுளுக்குக்கும் முறிவுக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு வளர்ந்த தலைமுறை அது. ஆனால் இது எலும்பு. கரைவதற்கு இதில் எதுவும் இல்லை. அழுத்தி நீவினால் நீர்ப்பை வீங்கும், காம்பு போல மெலிந்த கட்டியாக இருந்தால் காம்பு முறியவும் கூடும். நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேனில் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள்? நுரையீரலுக்கு ஒரு சி.டி எடுப்பார்கள், எலும்புப் புற்று பரவினால் முதலில் அங்கேதான் போகும். அப்புறம் பயாப்சி, அதாவது கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. குருத்தெலும்புக் கட்டியை ஊசியில் எடுத்த சிறு துணுக்கை வைத்து மட்டும் நல்லதா கெட்டதா என்று சொல்வது நோய்க்குறியியல் டாக்டருக்கே கஷ்டம். ஸ்கேன் படத்தையும் பயாப்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். அதனால் பயாப்சி தேவைப்பட்டால், கடைசியில் அறுவை சிகிச்சை செய்யப் போகிற அதே டாக்டரும் அதே மருத்துவமனையும்தான் அதைச் செய்ய வேண்டும். ஊசி போன பாதையையும் சேர்த்து அவர் பிறகு எடுக்க வேண்டியிருக்கும்.

மாறியிருந்தால் அதற்குக் காண்ட்ரோசார்கோமா என்று பெயர். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிப் பழைய கட்டியிலிருந்து வருபவை பெரும்பாலும் மெதுவாக வளரும், குறைந்த வீரியம் உள்ள வகை. கீமோதெரபியும் கதிர்வீச்சும் இதில் அதிகம் வேலை செய்வதில்லை, அறுவை சிகிச்சைதான் சிகிச்சை. சரியாக முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் குணமாகி வாழ்கிறார்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், மூட்டுக்குத் தள்ளி இருக்கும் கட்டி என்றால், மூட்டைத் தொடாமலேயே எடுத்துவிட முடிகிற வாய்ப்பு அதிகம். எடுத்த பிறகும் பத்து வருடத்துக்குக் குறையாமல் கண்காணிப்பு வேண்டும், ஏனென்றால் மெதுவாக வளர்வது திரும்பி வந்தாலும் மெதுவாகத்தான் வரும்.

இனி உங்கள் பையனைப் பற்றி. நீங்கள் அதிகம் பயந்திருப்பது அவனுக்காகத்தான் என்று கடிதமே சொல்கிறது. எட்டு வயதில் அவன் கட்டிகள் வளர்கின்றன என்றால் அது எதிர்பார்த்ததுதான். அவன் வளர்கிறான், அவையும் வளர்கின்றன. அந்த வயதில் தொப்பி தடிமனாகத்தான் இருக்கும், பெரியவர்களுக்குச் சொன்ன 2 சென்டிமீட்டர் கணக்கை அவனுக்குப் போட்டுப் பார்த்துப் பயப்படாதீர்கள். உயரம் நிற்பதற்கு முன் இவை புற்றாக மாறுவது மிக மிக அரிது.

எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிடுவது நல்லதல்ல. எலும்பு நீளும் அந்தக் குருத்தெலும்புத் தட்டுக்குப் பக்கத்தில் கத்தி வைத்தால் அந்தத் தட்டே காயப்பட்டு எலும்பு குட்டையாகலாம், சின்ன வயதில் எடுத்தவை மறுபடி முளைக்கவும் செய்யும். வலிக்கிற கட்டி, நரம்பையோ ரத்தக் குழாயையோ அழுத்தும் கட்டி, எலும்பை வளைக்கிற கட்டி, இவற்றை மட்டும் எடுப்போம். மாத்திரை சாப்பிட்டுத் தடுக்கும் வழி இன்றுவரை இல்லை. பாலும் முட்டையும் சுண்ணாம்புச் சத்தும் இதை வளர்ப்பதில்லை, அதற்குப் பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டையும் நிறுத்த வேண்டாம்.

அவனிடம் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, கோயிலில் விபூதி வாங்குவது போல இரண்டு உள்ளங்கையையும் மேலே திருப்பச் சொல்லுங்கள். ஒரு கை முழுதாகத் திரும்பவில்லை என்றாலோ முன்கை வில் மாதிரி வளைந்திருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று பின்தங்கிக் குட்டையாகிவிடுவதால் இப்படி ஆகும், நேரத்தோடு கவனித்தால் சரி செய்யலாம். இரண்டு கால் நீளமும் ஒன்றாக இருக்கிறதா, முழங்கால்கள் ஒன்றோடு ஒன்று இடிக்கின்றனவா என்றும் பாருங்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே கட்டி இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் பாதத்தைத் தூக்க முடியாது. நடக்கும்போது செருப்பு கழன்று போகிறது, கால் நுனி தடுக்குகிறது என்றால் உடனே கூட்டிப் போங்கள். கால் இரண்டும் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவை முதுகெலும்பில் கட்டி இருப்பதால் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மற்றபடி வருடத்துக்கு ஒரு முறை எலும்பு டாக்டர் பார்த்தால் போதும். அவன் உயரம் நின்றதும் இடுப்பும் தோள்பட்டையும் ஒரு முறை ஸ்கேனில் பார்த்து வைத்துவிடுவது நல்லது, பிற்காலத்தில் ஒப்பிட உதவும்.

"என்னால்தான் வந்தது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்களை 1990-களில் கண்டுபிடித்தார்கள். இஎக்ஸ்டி1 என்பது எட்டாவது குரோமோசோமிலும் இஎக்ஸ்டி2 என்பது பதினொன்றாவதிலும் இருக்கிறது. இரண்டில் ஒன்றில் பிழை இருந்தால், வளரும் குருத்தெலும்பை ஒழுங்கில் வைத்திருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி உடம்பில் போதுமான அளவு உருவாவதில்லை. அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்ததும் உங்களிடமிருந்து மகனுக்குப் போனதும் காசைச் சுண்டி விடுவது மாதிரி, பாதிக்குப் பாதி. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டது, கிரகணம், கண் பட்டது, எதற்கும் இதில் இடமில்லை. பத்தில் ஒருவருக்குப் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. அப்போது வீட்டில் யாரைக் குறை சொல்வார்கள்? உங்கள் வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இன்னொரு குழந்தை பெற நினைத்தால் அதற்கு முன் மரபணு ஆலோசனை கேட்கலாம். மூத்தவனைப் போலவே அதற்கும் பாதி வாய்ப்பு என்பது தெரிந்தே முடிவெடுங்கள், அது உங்கள் இருவரின் முடிவு.

இன்னொன்றும் அவர்களுக்குச் சொல்லுங்கள். மகனுக்கு இருப்பது என்ன என்று எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது. உங்களுக்கு 14 வயதில் "பயமில்லை" என்று சொல்லி அனுப்பியவர்கள், பெரியவளானதும் எது வளர்ந்தாலும் வந்து காட்டு என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால், எட்டு மாதம் போயிருக்காது. அந்த வரியை அவனுக்கு நீங்கள் சொல்லப் போகிறீர்கள்.

ஸ்கேனை மதுரையிலேயே எடுக்கலாம். தொப்பி தடித்திருக்கிறது என்றோ சந்தேகம் என்றோ ரிப்போர்ட் வந்தால், எலும்புப் புற்றுநோய் அறுவை சிகிச்சை தனியாகச் செய்யும் இடத்துக்கே நேராகப் போங்கள். வேலூர் சி.எம்.சி, சென்னை அடையாறு புற்றுநோய் மையம், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் எலும்பு, ஸ்கேன், பயாப்சி டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு வைத்திருங்கள்.

போகும்போது மறக்காமல் எடுத்துப் போக வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஸ்கூட்டியில் இருந்து விழுந்தபோது எடுத்த இடுப்பு எக்ஸ்ரே. அன்று அதில் முறிவு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருப்பார்கள். இந்தக் கட்டி அன்று எவ்வளவு இருந்தது என்பதும் அதே படத்தில் இருக்கும். பீரோவிலோ பரண் மேலோ தேடுங்கள். கிடைக்காவிட்டால் எடுத்த இடத்தில் கேளுங்கள், சிலர் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள். ஃபிலிமை மடக்காமல் கொண்டு போங்கள். டாக்டர் அதையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்க்கட்டும். ரிப்போர்ட் வந்ததும் தொப்பியின் அளவை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.